காப்போரைக் காத்தல்: புற்றுநோய் மருந்துகளும் இல்லப் பராமரிப்பாளரும் – ஒரு வரலாற்று நோக்கு

புற்றுநோயாளி ஒருவர் காலையில் சிகிச்சைக் கூடத்திலே நாளத்தினூடாக மருந்தேற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்புகிறார். அம்மருந்தைக் கலந்த மருந்தாளர் இரட்டைக் கையுறையும் நீர் ஊறாத மேலங்கியும் அணிந்து, காற்றை உள்ளிழுத்து வடிக்கும் பாதுகாப்புப் பேழையொன்றினுள்ளே கைகளை நீட்டி அதனைக் கலந்திருப்பார். அதனை ஏற்றிய தாதியும் கையுறையின்றி அக்குழாயைத் தொட்டிருக்கமாட்டார். அன்றிரவு அந்நோயாளி வாந்தியெடுக்கையில் பாத்திரத்தை ஏந்தி நிற்கும் மனைவியோ தாயோ மகளோ வெறுங்கையுடன் நிற்கிறார். மருந்து ஒன்றே, அதனை அணுகும் மனிதர் இருவகையினர். ஒருவருக்குச் சட்டமும் பயிற்சியும் கவசமும் உண்டு. மற்றவருக்கு அன்பு மாத்திரமே உண்டு.

இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது? கீமோதெரபி என வழங்கும் இரசாயனச் சிகிச்சையின் ஆபத்தினின்று தம்மைக் காத்துக்கொள்ளும் அறிவு யாருக்கு முதலிற் கிடைத்தது, யாருக்குக் காலந்தாழ்த்திக் கிடைத்தது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு அம்மருந்துகளின் வரலாற்றை அவற்றைக் கையாண்டோரின் நிலையிலிருந்து நோக்குதல் அவசியமாகின்றது. மருந்துகளைக் கண்டுபிடித்தோரின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. அவற்றைக் கலந்தோர், ஏந்தியோர், துடைத்தோர், துவைத்தோர் ஆகியோரின் வரலாறு அத்துணை கவனம் பெறவில்லை. அவ்வரலாற்றின் பிரதான கட்டங்களை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்க்களத்திலிருந்து வைத்தியசாலைக்கு

புற்றுநோய்க்கெதிரான இரசாயன மருந்துகளின் முதற் பரம்பரை போர்க்கருவியிலிருந்து பிறந்தது. 1917 யூலையிலே பெல்ஜியத்தின் ஈப்ர் நகரையடுத்த போர்முனையில் ஜெர்மனியப் படைகள் கடுகு வாயுவை முதன்முறையாகப் பிரயோகித்தன. தோலிற் கொப்புளங்களையும் கண்ணிலும் சுவாசப் பாதையிலும் கடும் புண்களையும் ஏற்படுத்திய இப்பொருள், உடலினுள்ளே வேறொரு அழிவையும் நிகழ்த்தியது. 1919இல் அமெரிக்க வைத்தியர்களான எட்வேட் கிரம்பார், ஹெலன் கிரம்பார் ஆகிய இருவரும் இவ்வாயுவினாற் பாதிக்கப்பட்டோரின் குருதியில் வெண்கலங்கள் பெரிதும் குறைந்திருந்தமையையும் என்பு மச்சை சிதைந்திருந்தமையையும் எடுத்துக்காட்டினர். விரைந்து பெருகும் கலங்களை இந்நஞ்சு விசேடமாகத் தாக்குகிறது என்பதே அதன் பொருள். ஆயின் அக்குறிப்பு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், அல்பிரட் கில்மன் ஆகியோர் அரச ஒப்பந்தத்தின்கீழ் நைதரசன் கடுகு எனப்படும் இனப்பொருளை ஆராய்ந்தனர். நிணநீர்க் கலப் புற்று ஏற்பட்ட எலிகளில் அதன் விளைவைக் கண்ட பின்னர், 1942 ஆகத்திலே அதே வகை நோய் முற்றிய மனிதர் ஒருவருக்கு அது கொடுக்கப்பட்டது. கட்டிகள் கரைந்தன; பின்னர் மீண்டும் தோன்றின; நோயாளி அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தார். போர்க்கால இரகசியம் காரணமாக 1946 வரை இச்செய்தி வெளிவரவில்லை.

இதற்கிடையே 1943 டிசெம்பர் 2ஆந் திகதி இத்தாலியின் பாரித் துறைமுகத்தின்மீது ஜெர்மனிய விமானங்கள் குண்டு வீசின. அங்கு நின்ற ஜோன் ஹாவே என்ற அமெரிக்கக் கப்பலில் 2000 கடுகு வாயுக் குண்டுகள் இரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. கப்பல் வெடித்துச் சிதறவே, கடுகுப் பொருள் எண்ணெயுடன் கலந்து நீர்ப்பரப்பிற் பரவியது. அந்நீரிலிருந்து மீட்கப்பட்டோர் நனைந்த உடைகளுடனேயே போர்வைகளாற் போர்த்தப்பட்டு மணிக்கணக்காக வைக்கப்பட்டனர். உடையில் நஞ்சு ஊறியிருந்தமை வைத்தியசாலையில் இருந்தோர் எவருக்கும் தெரியாது. தெரிந்திருந்த ஓரிருவரும் கூறவில்லை. 600க்கு மேற்பட்டோர் இவ்வகைப் பாதிப்புடன் அனுமதிக்கப்பட்டனர். அவர்களுள் 80க்கு மேற்பட்டோர் இறந்தனர். இதனை ஆராய அனுப்பப்பட்ட வைத்திய அதிகாரி ஸ்ருவேட் அலெக்சாந்தர், உண்மையை மறைக்க முயன்ற மேலிடத்தாரின் விருப்பத்திற்கு மாறாக, காரணம் கடுகுப் பொருளே என நிறுவினார்.

பாரி விபத்திலிருந்தே புற்றுநோய்க்கான இரசாயன மருந்து பிறந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. யேல் பரிசோதனை அவ்விபத்துக்கு ஓராண்டுக்கு மேல் முற்பட்டதாகலின் அக்கூற்று பொருந்தாது. எனினும் இக்கட்டுரையின் நோக்கில் பாரி விபத்துக்கு வேறொரு முக்கியத்துவம் உண்டு. நஞ்சு நீரிலும் துணியிலும் தங்கியிருந்து பிறிதொருநேரம் தாக்கும் என்பதையும், அதனை அறியாமையே பாதிப்பைப் பன்மடங்காக்கும் என்பதையும் அது மிகக் கொடூரமான முறையிலே காட்டிற்று. நனைந்த ஆடையைக் களைந்து உடலைக் கழுவியிருப்பின் பலர் தப்பியிருப்பர். அதற்கு வேண்டியது அரிய மருந்தன்று. ஒரு வாக்கிய அளவிலான அறிவுறுத்தலே.

போருக்குப் பின்னர் புதிய மருந்துகள் விரைவாகத் தோன்றின. 1948இல் பொஸ்ரன் நகரின் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த சிட்னி பார்பர், குருதிப் புற்றுநோயுற்ற 16 சிறுவருக்கு அமினோப்ரெறின் என்ற மருந்தைக் கொடுத்து, அவர்களுள் 10 பேரிடம் தற்காலிகத் தணிவு கண்டதாக அறிவித்தார். அம்மருந்தைத் தயாரித்தளித்த லெடர்லி ஆய்வுகூடத்தின் ஆய்வுத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதும், பீமவரத்திற் பிறந்த அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கன. அதே 1948இல் அவர் நியூயோர்க்கில் காலமானார். 1953இல் மேர்க்கப்ரோபியூரின், 1950களின் நடுப்பகுதியில் மெதொத்ரெக்சேற், 1959இல் சைக்கிளோபொஸ்பமைட் என மருந்துகள் தொடர்ந்து பயன்பாட்டுக்கு வந்தன. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1960களில் உருவாகி, முன்னர் மரணத் தீர்ப்பாகக் கருதப்பட்ட சில புற்றுநோய்கள் குணமாகத் தொடங்கின. அம்மகிழ்ச்சிக் காலத்திலே மருந்தைக் கையாண்டோரின் நலன்பற்றி எவரும் வினவவில்லை என்பதில் வியப்பில்லை.

தாதியரிடமிருந்து எழுந்த சான்று

1960களிலும் 1970களிலும் இம்மருந்துகளைப் பெரும்பாலும் தாதியரே நோயாளர் விடுதியின் மூலையிலிருந்த சாதாரண மேசையில் வைத்துக் கலந்தனர். கையுறை வழக்கமன்று. ஊசியிலிருந்து காற்றை வெளியேற்றும்போது நுண்துளிகள் அறையிற் பரவின. குப்பியின் வெளிப்புறத்திலும் மேசையிலும் மருந்து படிந்தது. அக்கைகளாலேயே தேநீர்க் கோப்பையும் தொடப்பட்டது.

இக்காலத்திலேயே இரு அறிவுகள் தனித்தனியே வளர்ந்துகொண்டிருந்தன. முதலாவது, இம்மருந்துகளாற் குணமடைந்தோருட் சிலருக்குச் சில ஆண்டுகளின் பின் புதிதாகக் குருதிப் புற்றுநோய் தோன்றியமை. கலத்தின் பரம்பரைப் பொருளைச் சிதைப்பதன் மூலமே இவற்றுட் பல மருந்துகள் புற்றுக் கலத்தைக் கொல்கின்றன. அச்சிதைவு நலமான கலத்தில் நிகழுமாயின் புதிய புற்றுக்கு வித்தாகலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சைக்கிளோபொஸ்பமைட்டை மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தும் பொருள்களின் முதற் பிரிவில் வைத்துள்ளது. இரண்டாவது, 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலே புரூஸ் ஏம்ஸ் உருவாக்கிய பரிசோதனை. குறித்த ஓர் அமினோ அமிலம் இன்றி வளரமாட்டாத பற்றீரியாக்கள், ஒரு பொருளைச் சேர்த்ததும் விகாரமுற்று அதுவின்றியே வளரத் தொடங்குமாயின், அப்பொருள் பரம்பரைப் பொருளை மாற்றவல்லது என அறியலாம். மலிவும் விரைவும் கொண்ட இப்பரிசோதனை ஆய்வாளரிடையே பெரிதும் பரவியது.

இவ்விரு அறிவுகளும் 1979இல் பின்லாந்தில் ஒன்றுசேர்ந்தன. காய் பால்க்கும் அவருடைய சகாக்களும் புற்றுநோய் மருந்துகளைக் கையாண்ட தாதியரின் சிறுநீரை ஏம்ஸ் பரிசோதனைக்கு உட்படுத்தி, அத்தகைய மருந்துகளுடன் தொடர்பற்றோரின் சிறுநீரோடு ஒப்பிட்டனர். தாதியரின் சிறுநீரில் விகாரம் விளைக்கும் ஆற்றல் கூடுதலாகக் காணப்பட்டது. மருந்தை உட்கொண்டவர் நோயாளி. அதன் சுவடோ தாதியின் உடலிலும் இருந்தது. லான்செற் சஞ்சிகையில் வெளிவந்த அச்சிறு குறிப்பு தொழில்சார் சுகாதார வரலாற்றில் ஒரு திருப்புமுனையாயிற்று.

அதனைத் தொடர்ந்து 1982இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் மருந்தாளரிடையே நிகழ்ந்த ஆய்வு, பாதுகாப்பு எனக் கருதப்பட்ட கருவியே பாதகமாயிருந்தமையைக் காட்டியது. மருந்தைக் கிருமிகளினின்று காக்கும்பொருட்டு அமைந்த பேழைகளில் காற்று கிடையாக, அதாவது கலப்பவரின் முகத்தை நோக்கி வீசிற்று. மருந்து தூய்மையாயிருந்தது; மருந்தாளரின் சிறுநீர் மாசுற்றது. காற்று மேலிருந்து கீழாகச் செல்லும் பேழைக்கு மாறியபின் அவ்விளைவு குறைந்தது. 1985இல் பின்லாந்தின் 17 வைத்தியசாலைகளின் தாதியரைக்கொண்டு நிகழ்த்தப்பட்ட ஆய்வொன்று, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இம்மருந்துகளைக் கையாண்டோரிடையே கருச்சிதைவுக்கான வாய்ப்பு இருமடங்குக்கு மேலாயிருந்ததென வெளிப்படுத்தியது. 1990களில் நெதர்லாந்தில் நிகழ்ந்த ஆய்வுகள், மருந்தை நேரே தொடாத ஊழியரின் சிறுநீரிற்கூடச் சைக்கிளோபொஸ்பமைட் இருந்தமையைக் காட்டின. தரை, கைபிடி, குப்பி, கையுறையின் வெளிப்புறம் ஆகியவற்றின் வழியே மருந்து பயணம் செய்தது.

சட்டத்தின் எல்லை

இச்சான்றுகளின் விளைவாக 1986இல் ஐக்கிய அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிருவாகம் இம்மருந்துகளைக் கையாளும் ஊழியருக்கான வழிகாட்டலை வெளியிட்டது. 2004இல் அந்நாட்டின் தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் ஆபத்தான மருந்துகள்பற்றிய விரிவான எச்சரிக்கையை வெளியிட்டது. கலக்கும் பேழை, கையுறையின் தரம், சிந்தியதைத் துடைக்கும் முறை, கழிவுகளை அகற்றும் முறை, கர்ப்பிணி ஊழியருக்கான மாற்று வேலை ஆகியன எழுத்தில் வந்தன. நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றையும் மருந்து ஏற்றிய பின் பொதுவாக 48 மணித்தியாலம்வரை கையுறையுடனேயே கையாளல் வேண்டும் என்ற நியதியும் நிலைபெற்றது. சில மருந்துகள் இதனினும் நீண்ட காலம் உடலிலிருந்து வெளியேறுகின்றன.

ஆயின் இவ்வழிகாட்டல்களின் தலைப்புகளையும் அவற்றை வெளியிட்ட நிறுவனங்களின் பெயர்களையும் ஊன்றி நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். அவை யாவும் தொழில்பற்றியன; ஊழியர்பற்றியன. சம்பளம் பெறுபவரே சட்டத்தின் கண்ணுக்கு ஊழியர். தொழிற்சங்கமும் தொழில் நீதிமன்றமும் நட்டஈடும் அவருக்கே உரியன. கணவனின் படுக்கை விரிப்பைத் துவைக்கும் மனைவி எவரிடமும் சம்பளம் பெறுவதில்லை. எனவே அவரைப் பாதுகாக்கும் கடமை எந்த முதலாளிக்கும் இல்லை. வீட்டில் நிகழும் பராமரிப்பு உழைப்பாகக் கருதப்படாமையின் நேர்விளைவே அவ்வுழைப்பின் ஆபத்தும் ஆபத்தாகக் கருதப்படாமை. அவ்வுழைப்பாளருட் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

வைத்தியசாலையிலிருந்து இல்லத்துக்கு

சட்டம் வைத்தியசாலையின் வாயிலோடு நின்றுவிட, மருந்து வாயிலைக் கடந்து சென்றது. உண்மையில் அது முன்னரே கடந்திருந்தது. 1962இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் புனித யூட் சிறுவர் வைத்தியசாலையில் டொனால்ட் பிங்கல் முன்னெடுத்த குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சைத் திட்டம், நோய் தணிந்த பின்னரும் இரண்டு மூன்று ஆண்டுகள் மருந்தைத் தொடர்வதை அடிப்படையாகக் கொண்டது. அதன் பெரும்பகுதி வாய்வழி மாத்திரைகள். விழுங்கமாட்டாத குழந்தைக்காக மாத்திரையை அரைத்துத் தேனிலோ பாலிலோ குழைத்தவள் தாய். வைத்தியசாலையிலே பேழைக்குள் நிகழவேண்டிய செயல் வீட்டின் குசினி மேசையில் நிகழ்ந்தது.

1980களில் இப்பெயர்ச்சி விரைவடைந்தது. அதற்கு விஞ்ஞானக் காரணமும் பொருளாதாரக் காரணமும் இருந்தன. இடுப்பிலே கட்டிச் செல்லக்கூடிய சிறு மருந்தேற்றிகள் தோன்றி, நாட்கணக்கில் ஏற்றவேண்டிய மருந்தை வீட்டிலிருந்தே பெற வழிசெய்தன. மறுபுறத்தே, 1983இல் ஐக்கிய அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்புறுதித் திட்டம் வைத்தியசாலைகளுக்கு நாட்கணக்கிலன்றி நோய்வகைக்கேற்ப முன்கூட்டியே நிருணயித்த தொகையை வழங்கத் தொடங்கியது. நோயாளி தங்கும் ஒவ்வொரு நாளும் வைத்தியசாலைக்குச் செலவாயிற்று. நோயாளர் விரைவில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். வைத்தியசாலையின் கணக்கேட்டிலிருந்து நீங்கிய செலவு இல்லத்தின் கணக்கில், எழுதப்படாத வரியாக ஏறியது. 1998இல் கப்பெசிற்றபின், 1999இல் ரெமொசொலமைட், 2001இல் இமற்றினிப் என வாய்வழி மருந்துகள் பெருகிய பின்னர், நாளத்தினூடாக எதுவும் ஏற்றாமலே வீட்டிலிருந்து சிகிச்சை பெறும் நோயாளர் தொகையும் பெருகியது.

இல்லத்தினுள் என்ன நிகழ்கிறது என்பதை ஆய்வாளர் காலந்தாழ்த்தியே நோக்கினர். 2013இல் யப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று, சிகிச்சை பெற்று வீடு திரும்பிய நோயாளருடன் வசித்த குடும்பத்தினரின் சிறுநீரில் சைக்கிளோபொஸ்பமைட்டின் சுவட்டைக் கண்டறிந்தது. 2017இல் ஜெர்மனியில் நிகழ்ந்த ஆய்வு நோயாளர் வீடுகளின் மலசலகூடத்திலும் பிற மேற்பரப்புகளிலும் மருந்தின் எச்சங்களை அளந்தது. 1979இல் தாதியரிடத்தே கண்டதை ஒத்ததொரு சான்று குடும்பத்தினரிடத்தே கிடைக்க மேலும் 34 ஆண்டுகள் கடந்தன.

இச்சான்றுகளின் எல்லையையும் கூறுதல் நேர்மையாகும். வீடுகளிற் காணப்பட்ட அளவுகள் மிகச் சிறியன. ஆராயப்பட்ட குடும்பங்கள் சிலவே. இதனாற் குடும்பத்தினருக்கு நோய் ஏற்பட்டது என இவ்வாய்வுகள் கூறவில்லை. ஆயின் பரம்பரைப் பொருளைத் தாக்கும் மருந்துக்கு முற்றிலும் பாதுகாப்பான அளவு இதுவென வரையறுக்க இயலாது. நோயாளி ஆபத்தை ஏற்பது பயனுக்காக. அருகிருப்பவருக்கு அம்மருந்தால் எப்பயனும் இல்லை. ஆகவே எளிதில் தவிர்க்கக்கூடியதைத் தவிர்த்தல் வேண்டும் என்பதே இத்துறையின் அடிப்படைத் தருக்கமாகும்.

கற்பித்தல் ஒரு கடமையாதல்

இவ்வடிப்படையில் இல்லப் பராமரிப்பாளருக்குக் கற்பித்தல் படிப்படியாக ஒரு கடமையாக உருப்பெற்றது. 2009இல் அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கமும் புற்றுநோய்த் தாதியர் சங்கமும் இணைந்து வெளியிட்ட பாதுகாப்பு நியமங்கள் 2013இல் வாய்வழி மருந்துகளையும் உள்ளடக்கி விரிவுபெற்றன. மருந்தைச் சேமித்தல், கையாளுதல், எஞ்சியதை அகற்றுதல் ஆகியவற்றை நோயாளிக்குக் கற்பித்தலும் அக்கல்வியின் உறுப்பாயிற்று. ஏறத்தாழ இதே காலத்தில், புற்றுநோயாளர் ஆதரவுப் பராமரிப்புக்கான பன்னாட்டுச் சங்கம் வாய்வழி மருந்து பெறுவோருக்குக் கற்பிப்பதற்கான கருவியொன்றை உருவாக்கியது. அது நான்கு பகுதிகளைக் கொண்டது: நோயாளியின் நிலையை அறியும் வினாக்கள், எல்லா மருந்துகளுக்கும் பொதுவான போதனை, குறித்த மருந்துக்குரிய போதனை, கற்றது விளங்கியதா என அறியும் வினாக்கள். இறுதிப் பகுதியே இதன் சிறப்பெனலாம். கூறிவிட்டேன் என்பது கற்பித்தலன்று. கேட்டவர் தம் சொற்களில் திருப்பிக் கூறும்போதே கற்பித்தல் நிறைவுறுகின்றது.

இன்று கற்பிக்கப்படும் விடயங்கள் எண்ணிக்கையிற் சில, செய்தற்கும் எளியன. மாத்திரையைப் பராமரிப்பாளர் வெறுங்கையால் தொடலாகாது. கையுறை அணிந்து அல்லது சிறு கிண்ணத்திலிட்டு நோயாளியின் கையிற் சேர்த்தல் வேண்டும். மருந்தாளரின் அறிவுரையின்றி மாத்திரையை உடைத்தலோ அரைத்தலோ உறையைத் திறத்தலோ கூடாது. விழுங்க இயலாதவருக்கு மாற்று வடிவம் உண்டா எனக் கேட்டல் வேண்டும். கையுறையைக் கழற்றிய பின்னரும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கைகழுவல் வேண்டும். 2020இன் கொள்ளைநோய்க் காலத்தின் பின் பலருக்குப் பழக்கமான மதுசாரக் கைத்தேய்ப்பு இங்கு பயன்படாது. அது கிருமியைக் கொல்லுமேயன்றி மருந்தை அகற்றாது. மருந்தை உணவுப் பொருள்களோடு வைத்தலும், சிறுவருக்கு எட்டுமிடத்தில் வைத்தலும் தவறு. எஞ்சிய மாத்திரைகளை மலசலகூடத்திலோ குப்பையிலோ இடாது வைத்தியசாலையிடமே திருப்பி ஒப்படைத்தல் வேண்டும்.

மருந்தேற்றிய பின் முதல் இரு நாட்களில் வாந்தியும் சிறுநீரும் பட்ட துணிகளைக் கையுறையுடன் எடுத்து, ஏனைய துணிகளோடு சேர்க்காது, இருமுறை துவைத்தல் வேண்டும். தோலிற் பட்டால் உடனே சவர்க்காரமும் நீரும் கொண்டும், கண்ணிற் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரினாலும் கழுவி வைத்தியரை நாடல் வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருந்தையும் கழிவையும் கையாளாது அப்பணியைப் பிறரிடம் விடுதல் வேண்டும். பாரித் துறைமுகத்தில் எவரும் கூறாதுவிட்ட வாக்கியமே இங்கு கூறப்படுகிறது: நனைந்த துணியைக் களைக, கழுவுக.

அச்சமும் அறிவும்

எனினும் இக்கல்வி தன்னளவில் ஓர் ஆபத்தையும் கொண்டுள்ளது. புற்றுநோய் தொற்றும் என்ற தவறான நம்பிக்கை பல சமூகங்களில் நெடுங்காலம் நிலவியது. இன்னும் முற்றாக நீங்கவில்லை. நோயாளிக்குத் தனித் தட்டும் தனிக் கோப்பையும் ஒதுக்கி, பிள்ளைகளை அருகணுகவிடாது தடுக்கும் வீடுகள் உள. அத்தகைய சூழலில், கையுறை அணிக என்ற அறிவுரை தக்க விளக்கமின்றிக் கூறப்படின், அது பழைய தீட்டுக்குப் புதிய விஞ்ஞானச் சான்றிதழாகிவிடக்கூடும். சாதியின் பெயராலே தொடாமையை அறிந்த சமூகத்தில் இவ்வபாயம் சிறிதன்று. மனைவி கையுறையுடன் அணுகுவதைக் காணும் கணவன், தான் வெறுக்கப்படுவதாகக் கருதுதல் இயல்பே. அதனைத் தவிர்க்க விரும்பியே பல பெண்கள் கையுறையை அணியாது விடுகின்றனர் எனின் அதுவும் வியப்பன்று.

ஆகவே கற்பிப்போர் முதலிற் கூறவேண்டியது ஒன்றுண்டு: ஆபத்து மருந்தில் உள்ளதேயன்றி மனிதரில் இல்லை. புற்றுநோய் தொற்றாது. நோயாளியின் கரத்தைப் பற்றலாம்; அணைக்கலாம்; ஒரே மேசையிலிருந்து உண்ணலாம்; பேரப்பிள்ளை மடியில் அமரலாம். கையுறை தேவைப்படுவது மாத்திரைக்கும், சிந்திய மருந்துக்கும், குறித்த சில நாட்களின் கழிவுக்குமே. இவ்வேறுபாட்டை நோயாளியும் பராமரிப்பாளரும் ஒருங்கிருக்கையிலேயே விளக்குதல் நன்று. தன்னைக் காப்போர் தம்மைக் காத்துக்கொள்வதை நோயாளியே விரும்பிக் கேட்கும் நிலை அப்பொழுது தோன்றும்.

எமது சூழலும் நூலறிவும்

இவ்வழிகாட்டல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு நகர வீடொன்றை மனங்கொண்டே எழுதப்பட்டன. மலசலகூடத்தின் மூடியை மூடி இருமுறை நீர் பாய்ச்சுக என்பது அவற்றுள் அடிக்கடி காணப்படும் அறிவுரை. மூடியே இல்லாத குந்து மலசலகூடமும் வாளியும் உள்ள வீட்டுக்கு அவ்வறிவுரையின் சொற்கள் பொருந்தா. தெறித்தலைத் தவிர்த்து நிறைய நீரால் அகற்றுக என்ற அதன் கருத்தே பொருந்தும். சலவை இயந்திரத்தில் இருமுறை துவைக்க என்பது கிணற்றடிக் கல்லிலே கையாற் துவைப்பவருக்கு வேறாக விளக்கப்படல் வேண்டும்: கையுறை கிழியாததாயிருத்தல், துணியை அடித்துத் தெறிக்கவிடாமை, துவைத்த நீரைக் குடிநீர்க் கிணற்றின் அருகில் ஊற்றாமை என்பன அங்கே முதன்மை பெறும். சுண்ணக்கல் நிலமும் ஆழங்குறைந்த கிணறுகளும் கொண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில், குழிமலசலகூடத்துக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம் சுகாதாரத் துறையினர் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் விடயமாகலின் இது புதுமையான கோரிக்கையுமன்று.

இலங்கையில் புற்றுநோய்ச் சிகிச்சையை மக்களுக்கு அண்மிக்கச் செய்யும் முயற்சிகள் போற்றத்தக்கன. நெடுங்காலம் மகரகம வைத்தியசாலையையே நாடெங்கிலுமிருந்து நோயாளர் நாடிச் சென்றனர். 2011இல் தெற்கே தெய்வேந்திர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை இன மத வேறுபாடின்றிப் பலர் நடந்து திரட்டிய நிதியைக்கொண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்பப்பட்டது. சிகிச்சை வீட்டுக்கு அண்மித்தமை பெரும் பேறு. அவ்வண்மையோடு மருந்தும் வீட்டை அண்மித்துள்ளது. எனவே அதனோடு செல்லவேண்டிய அறிவு தமிழிலும் சிங்களத்திலும், எழுத்தறிந்தோர்க்கு எழுத்தாகவும் அறியாதோர்க்குப் படமாகவும் பேச்சாகவும், செல்லுதல் வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட துண்டுப் பிரசுரம் மருந்துப் பையினுள்ளேயே மடிந்து கிடப்பதால் எவரும் காக்கப்படார். மருத்துவ பீடத்தினர் மட்டுமன்றி, மொழியைப் பயில்வோரும் சமூகத்தைப் பயில்வோரும் இதிற் பங்குகொள்ள இடமுண்டு.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றைத் தொகுத்துக் கூறுவதாயின், புற்றுநோய் மருந்துகளின் பாதுகாப்பு வரலாறு ஒரு வட்டம் விரிந்து செல்லும் வரலாறாகும். முதலில் அது நோயாளியை மாத்திரம் கண்டது. பின்னர் மருந்தாளரையும் தாதியரையும் கண்டது. இறுதியிலேயே குடும்பத்தினரைக் கண்டது. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ சிலரின் உடலிலிருந்து சான்று பெறப்பட்ட பின்னரே வட்டம் விரிந்தது. இவ்வொழுங்கு இயற்கை விதித்ததன்று; யாருடைய உழைப்பு மதிக்கப்பட்டதோ அவருடைய உடலும் முதலில் மதிக்கப்பட்டது.

இவ்வட்டத்தின் கடைசி விளிம்பில் நிற்பவருக்கு வேண்டியது பெருஞ்செலவன்று. ஒரு சோடிக் கையுறை, ஒரு சவர்க்காரக் கட்டி, தனியான ஒரு வாளி, அவற்றின் பயனைத் தாய்மொழியில் பொறுமையுடன் எடுத்துரைக்கும் ஒருவரின் அரைமணி நேரம் என்பனவே அவை. 1943இல் பாரி வைத்தியசாலையில் கிட்டாத அறிவு இன்று எல்லோர் கைக்கும் எட்டுமிடத்தில் உள்ளது. அதனை இரவு முழுதும் விழித்திருந்து பாத்திரம் ஏந்துபவரின் கையிற் சேர்ப்பிக்கும் பொறுப்பு, அவ்வறிவைப் பெற்றிருப்போரையே சாரும்.